அப்பன் கையெழுத்தும் அலமாரிச் சின்னமும்

கோம்பை,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா, பேரூராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு அலமாரிச் சின்னத்தில் போட்டியிடும் திரு. பாண்டீஸ்வரன் அவர்களுக்கு, தங்கள் அண்ணன் மகளும் ‘அலமாரி ஆர்மி’ பக்கத்தின் நிறுவனருமான கௌமாரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் நலம் என்பதை நேற்று மாடியில் சட்டை காயப்போடும்போது பார்த்துத் தெரிந்துகொண்டேன். சித்தி நலம், தம்பி நலம். தாங்கள் என்னைப் போனில் பிளாக் செய்துவிட்ட காரணத்தாலும், வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்ட காரணத்தாலும், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேப்பரில் கடிதம் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும். பேப்பரில் திருத்துவதற்குப் பட்டன் இல்லை.

சித்தப்பா, தமிழ் ஐயா சொல்லிக்குடுத்த மாதிரி இதுக்கு மேல எழுத வராது. பேசுற மாதிரியே எழுதிர்றேன். உங்கள எதிர்த்து நிக்கிற முத்துவீரன் மாமா பக்கம் நான் சாஞ்சுட்டேன்னு டீக்கடையில சொன்னீகளாமே. மனசு விட்டுப் போச்சு. உங்களுக்கு ‘வார்டு வேங்கை’ன்னு பட்டம் குடுத்தது யாரு? நீங்க பால் வாங்கப் போனத மெதுவா ஓட்டி, வேட்டி காத்துல பறக்குற இடத்துல நிறுத்தி, பின்னாடி உருமி அடிக்க விட்டது யாரு? எந்தக் கிளாசுக்கும் போகாம, இருக்க ஒரு போன்லயே, கண்ணெல்லாம் எரிய எரிய எடிட்டிங் கத்துக்கிட்டது யாருக்காக?

நடந்தது என்னன்னு ஒழுங்காச் சொல்றேன். வெளிநாட்டுத் தேர்தலுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. எந்த விஷயத்துல எந்த வேட்பாளர் என்ன நினைக்கிறாருன்னு வரிசையாப் போட்டிருக்கும். நம்ம வார்டுக்கும் அந்த மாதிரி ஒன்னு போட்டா மத்த ரெண்டு பேரும் திக்குமுக்காடுவாக, நீங்க மட்டும் வெட்டு ஒன்னு துண்டு ரெண்டாப் பேசுவீகன்னு நம்பி, அந்தக் கேள்விகள அப்படியே எடுத்து மொழிபெயர்க்கிற ஆப்ல போட்டுத் தமிழாக்கிட்டேன். அதுல சாக்கடை, குடிதண்ணி, தெருலைட்டு ஒன்னுமே இல்லைங்கறத நான் கவனிச்சிருக்கணும். கவனிக்கல.

முதல் கேள்வி, பொதுமக்கள் துப்பாக்கி வச்சுக்கலாமா. முத்துவீரன் மாமா, “காட்டுப்பன்னி வர்ற தோட்டத்துக்குக் குடுக்கலாம். எம்மச்சானுக்கு மட்டும் குடுக்கக் கூடாது”ன்னாக. ரெண்டாவது, நாட்டு எல்லையில சுவர் கட்டணுமா. நீங்க யோசிக்கவே இல்ல. “கம்பம்மெட்டுல கேரளா எல்லையில சுவர் வச்சா ஏலத்தோட்டத்து ஜீப்பு எப்பிடிப் போகும்? அவன் அங்கன ஏலக்காயப் பாத்துக்கிட்டு இருப்பான், நாம இங்கன சுவரப் பாத்துக்கிட்டு இருக்கவா”ன்னீக. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மூணாவது கேள்விதான் நம்மள முடிச்சிருச்சு. பதினெட்டு வயசு ஆகாத பொண்ணு கருவக் கலைக்கணும்னா பெத்தவுக சம்மதம் கட்டாயமா, அதுல வேட்பாளரோட கருத்து என்ன. இது பேரூராட்சிக்குச் சம்பந்தமில்லாத கேள்வின்னு இப்பச் சொல்றீக. அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல. மூணு பேரும் சாக்கடையப் பத்திக் கேட்டாக் கூட இம்புட்டு வெரசாப் பதில் சொல்லியிருக்க மாட்டீக.

முத்துவீரன் மாமா வீட்டுக் கோம்பை நாய் என் ஒத்தச் செருப்பத் தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறம், அவுக வெளிய வந்து சொன்னாக: “அப்பா போட்டா என்ன, ஆத்தா போட்டா என்ன. கடைசியில வார்டு உறுப்பினர் லெட்டர் பேடுல ஒன்னு வேணும்ல. எந்நேரம் வந்தாலும் போட்டுத் தருவேன். சீலு சட்டைப் பையிலயே கெடக்கு.” எதுக்குக் கையெழுத்துன்னு கடைசி வரைக்கும் அவுக கேக்கவே இல்ல.

மூணாவது வேட்பாளர் ஏஞ்சல் அக்கா அவுக ஃபேன்சி ஸ்டோர்ல வளையல் அடுக்கிக்கிட்டு இருந்தாக. கேள்வியக் கேட்டதும் ஷட்டரப் பாதி இறக்கிட்டு, “கேமராவ அணை”ன்னாக. அணைச்சேன். “பிள்ளை யாரு? எத்தன மாசம்? அவ அம்மாவுக்குத் தெரியுமா? கூட நான் வரவா?” “பிள்ளையெல்லாம் இல்லக்கா, வெறும் கேள்விதான்”ன்னேன். “பிள்ளை இல்லாம எவளும் இந்தக் கேள்வியக் கேக்க மாட்டா”ன்னு என்னையவே ஏற இறங்கப் பாத்து, ஒரு கலர் சோடாவும் வாங்கிக் குடுத்து அனுப்பினாக. நான் ‘பதில் சொல்ல மறுத்துவிட்டார்’னு போட்டுட்டேன். உங்களுக்காகத்தான் சித்தப்பா.

நீங்க உங்க கடையில, சிமெண்ட் மூட்டை மேல ஒரு காலத் தூக்கி வச்சு, விரல நீட்டி, “அப்பன் நேர்ல வரணும். அப்பன் கையெழுத்து இல்லாம ஆத்தா போட்டாலும் செல்லாது, ஆண்டவனே போட்டாலும் செல்லாது. நான் இருக்க வரைக்கும் இந்த வார்டுல இதுதான் சட்டம்”னீக. அந்த விரல மூணு தடவ பெருசாக்கினேன். மூணு தடவையும் உருமி. கோம்பையில ஓட்டு இருக்கவுகள விட அதிகம் பேரு பாத்துட்டாக. அதுல பாதிப் பேரு மலேசியாவுல இருக்காக, அவுகளுக்கு இங்கன ஓட்டு இல்லைங்கறது எனக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் உறைச்சுச்சு.

டீக்கடையில ஆம்பளைக எல்லாரும் கைதட்டுனாக, இல்லைங்கல. தவசி பெரியப்பா எந்திரிச்சே நின்னு, “அப்பன்னா அப்பந்தான்யா. எம்மகளுக்கு ஒன்னுன்னா எங்கன வேணாலும் போயி நிப்பேன்”னாரு. டீ ஆத்துறவரு, “மக எத்தனாவது படிக்குது பெரியவரே”ன்னு கேட்டாரு. பெரியப்பா வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சாம். அதையும் எடுத்தேன், உங்களுக்காகப் போடல.

மறுநாள் விடியக்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்புக்கு நிக்கிற பொம்பளைகளுக்கு நோட்டீஸ் குடுக்கப் போனீகள்ல, நானும் கேமராவோட பின்னாடிதான் வந்தேன். சங்கிலியம்மாள் அத்தை நோட்டீச வாங்கி, எட்டா மடிச்சு, தூக்குவாளி ஆடாம இருக்க அடியில வச்சுட்டுக் கேட்டாக.

“ஏப்பா பாண்டி, அப்பன் நேர்ல வரணும்னியாமே. எங்க வீட்டு அப்பன் போன தீபாவளிக்குப் போனது. நீயே தேடிக் கூட்டியாந்துரு. பிள்ளைக்கு ஸ்கூல்ல ஒரு கையெழுத்து வேண்டிக் கெடக்கு.”

“அது வேற விஷயம் மதினி.”

“எந்த விஷயம் வேற? காய்ச்சலுன்னா நாங்க நிக்கிறோம், பரிச்சையின்னா நாங்க நிக்கிறோம். உன் அலமாரிய வச்சு நாங்க என்ன செய்ய? தொடைக்கிறது நாங்க, சாவி மட்டும் அப்பன்கிட்டயாக்கும்.”

ஜீப்பே சிரிச்சுச்சு. எங்க அம்மாவும் அந்த ஜீப்புலதான் இருந்தாக. அவுகளும் சிரிச்சாக, முந்தானைய வச்சு மறைச்சுக்கிட்டு. அன்னைக்குத்தான் நீங்க என்னைய பிளாக் பண்ணீக.

வீடியோவ அழிக்கச் சொல்லிச் சித்திகிட்டச் சொல்லிவிட்டீக. அழிக்கத்தான் பாக்குறேன், முடியல. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகல. பக்கம் ஆரம்பிக்கிறப்ப, காப்பாளர் யாராச்சும் சம்மதம் குடுக்கணும்னு கேட்டுச்சு. அப்பா லாரியோட நாக்பூர்ல, போன் எடுக்கல. அம்மா தோட்டத்துல, அங்கன டவர் இல்ல. உங்க நம்பரக் குடுத்தேன். நீங்க கறிச்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தீக. “சித்தப்பா, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க”ன்னேன். எதுக்குன்னு கேக்கல. எலும்ப உறிஞ்சிக்கிட்டே சொன்னீக. ஸ்கூல் டூருக்கு, தடுப்பூசிக்கு, பத்தாவது முடிச்சு குரூப்பு மாத்துனதுக்கு, எல்லாத்துக்கும் நீங்கதான் போட்டீக. என்னன்னு ஒரு நாளும் படிச்சதில்ல, “எங்கன போடணும்”னு மட்டும் கேப்பீக. இப்ப அழிக்கணும்னாலும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வருது. நான் பட்டனத் தட்டுனா உங்க போன் சத்தம் போடும், நீங்க எவனோ ஏமாத்துக்காரன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுர்றீக. நான் கேக்கலாம்னா பிளாக். சம்மதம் குடுத்தவரும் நீங்கதான், சம்மதம் கெடைக்காம நிக்கிறதும் உங்க வீடியோதான்.

இனிமே எழுதுறத மட்டும் பைய, நிதானமாப் படிங்க.

நம்ம பக்கத்துக்கு ஒரு பிள்ளை மெசேஜ் அனுப்புச்சு. பேரு எனக்கே தெரியாது. படத்துல ஒரு பூனை இருக்கு. நம்ம வார்டுதான், என் வயசு இருக்கும். “அக்கா, உங்க சித்தப்பா சொன்னது புதுச் சட்டமா? எங்க அம்மா என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தாக. வீடியோவப் பாத்துட்டு, அப்பா வந்தாத்தான் பாப்பாகளாம்னு உக்காந்துட்டாக. அப்பாவுக்குத் தெரிஞ்சா நாங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்க முடியாது”ன்னு இருந்துச்சு.

எப்பிடி, யாராலன்னு நான் கேக்கல. அதச் சொல்ல வேண்டிய இடத்துல அவ சொல்லிக்கட்டும். ஆனா கேள்வியப் போட்டவ நான், எனக்கே பதில் தெரியல. அப்புறம் சட்டத்தையே தேடிப் படிச்சேன். புரியாத இடத்துக்கு 104, அந்த அரசு மருத்துவ உதவி நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பதினெட்டு ஆகாத பிள்ளைன்னா காப்பாளர் ஒருத்தர் எழுத்துல சம்மதம் குடுக்கணும். காப்பாளர்னா பிள்ளையப் பாத்துக்கிறவுக. அம்மா போதும். அப்பன் நேர்ல வரணும்னு ஒரு எழுத்துக்கூட அதுல இல்ல சித்தப்பா. ஆஸ்பத்திரிக்காரக போலீசுக்குத் தகவல் சொல்வாக, ஆனா பிள்ளை பேர யாரும் வெளிய விடக் கூடாது. நாள் தள்ளிப் போகப் போகத்தான் டாக்டராலயும் ஒன்னும் செய்ய முடியாமப் போகும்.

அம்புட்டையும் அவளுக்கு அனுப்பினேன். அவ அம்மாகிட்டக் காட்டியிருக்கா. அவுக, “எழுத்துல எவ எவளோ என்னமும் எழுதுவா. பாண்டி வாயால சொல்லியிருக்காரு. படிச்ச மனுசன், தெரியாமயா சொல்லுவாரு”ன்னு சொல்லிட்டாகளாம். பாருங்க சித்தப்பா. ஜீப்பு நிறையா உக்காந்து உங்களச் சிரிக்கிறாக. இந்த வார்டுலயே ஒரே ஒரு அம்மாதான் உங்க பேச்ச முழுசா நம்பியிருக்காக. நம்புனதாலதான் வீட்டுக்குள்ள உக்காந்திருக்காக.

நாளைக்குச் சாயங்காலத்தோட மைக்கை அணைச்சிரணும். அதுக்குள்ள பேச்சிமுத்து அண்ணன் ஓட்டுற நம்ம பிரச்சார ஆட்டோவுல, உங்க வாயால ஒரே ஒரு தடவ, “நான் சொன்னது தப்பு, அம்மா கையெழுத்துப் போட்டாப் போதும்”னு சொல்லிருங்க. விரல நீட்ட வேணாம். உருமியும் நான் போடல. ஆனா எல்லாத் தெருவுலயும் சொல்லணும். ஒரு தெருவுல மட்டும் சொன்னா எந்த வீடுன்னு ஊரு கணக்குப் போட்டுரும். டீக்கடை ஓட்டு போயிரும்னு பாக்குறீக. போனாப் போகட்டும். தோத்தாலும் பட்டத்த நான் திருப்பி வாங்க மாட்டேன். வேங்கை வேங்கைதான்.

வீரபாண்டி கௌமாரியம்மன் உங்களுக்குத் துணை நிக்கட்டும். அலமாரி வீட்டுக்கு வீடு போய்ச் சேரட்டும். சித்திக்கு என் அன்பு, தம்பிக்கு ஒரு முத்தம். முத்துவீரன் மாமாவ வழியில பாத்தா என் ஒத்தச் செருப்பக் கேட்டதாச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓட்டு இல்லாத உண்மைத் தொண்டர்,
கௌமாரி.

பி.கு.: சித்தப்பா, மேல எழுதுன எதையும் நீங்க செய்ய வேண்டியதில்ல. நீங்க நோட்டீஸ் வாங்கத் தேனிக்குப் போயிருந்தீகள்ல, வந்ததும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லிச் சித்திகிட்டக் கடிதத்தக் குடுத்தேன். சித்தி கையில இருந்த மாவக்கூடக் கழுவாம நின்னபடியே படிச்சாக. “ஏண்டி, அந்தப் பிள்ளை எம்புட்டு நாளாக் காத்துக்கிட்டு இருக்கு”ன்னாக. “நாலு நாளா”ன்னேன். “நாலு நாளா நீ எழுத்துக் கூட்டிக்கிட்டு இருந்தியாக்கும்”னு சொல்லிட்டு, நேராப் போயி ஆட்டோவுல ஏறிட்டாக. பேச்சிமுத்து அண்ணன், “அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்பிடி மதினி”ன்னு இழுத்தாரு. “கேட்டா, எங்கன போடணும்னுதான் கேப்பாரு. நீ வண்டிய எடு”ன்னாக.

“நான் பாண்டீஸ்வரன் சம்சாரம் நதியா பேசுறேன். எங்க வீட்டுக்காரரு வீடியோவுல சொன்னது தப்பு. பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு அம்மா கையெழுத்துப் போதும், அப்பனத் தேட வேண்டியதில்ல. தனியாப் போகப் பயமா இருந்தா என்னையக் கூப்பிடுங்க, ஏஞ்சலையும் கூட்டிக்கிட்டு நான் வர்றேன்.” எல்லாத் தெருவுலயும் சொன்னாக. டீக்கடை முன்னாடி மட்டும் ரெண்டு தடவ. கடைசியில பழக்க தோஷத்துல “மறந்துராதீக அலமாரிச் சின்னம்”னு முடிச்சாக.

இப்பத்தான் பூனைப் படத்துக்காரி மெசேஜ் அனுப்பினா: “அக்கா, அம்மா சேலை மாத்திட்டாக. பஸ்ஸுக்கு நிக்கிறோம்.”

அழிக்கத்தான் ஓடிபி வேணும், ஒட்டுறதுக்கு வேணாம். சித்தி பேசுனத அந்த வீடியோவுலயே உங்க விரலுக்கு அடுத்தாப்புல ஒட்டிப் போட்டுட்டேன். அதனால இனிமே ஓடிபி வந்துச்சுன்னா யாருக்கும் சொல்லாதீக சித்தப்பா. எனக்கும் சொல்லாதீக.