ரூஜ் ஆற்றில் மாப்பிள்ளை பார்த்த கதை

டொரோண்டோவில் ஏப்ரல் மாத வெயிலை நம்புகிறவர்கள் இரண்டு வகை. நாட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகாதவர்கள், கல்யாணம் பேசி வைத்திருப்பவர்கள். நான் அந்த வருஷம் இரண்டாவது வகை. (முதல் வகையில் இருந்தபோதும் நம்பினேன். காதுக்குள் குளிர் போய் ஒரு கிழமை படுத்துக் கிடந்தேன். அது வேறு கதை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் அக்காவும் அத்தானும் இருந்த அப்பார்ட்மென்டில் நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்டரி ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை. எனக்கென்று இருந்த ஒரே பெருமை ஒரு பழைய கார். அதை வாங்கிய நாளிலிருந்து, என் கால்கள் பிரேக்கை மிதிப்பதற்காகப் படைக்கப்பட்டவை என்று முடிவு கட்டிவிட்டேன். எதிர்க் கடைக்குப் பால் வாங்கப் போவதற்கும் கார்தான். திரும்பி வருவதற்குள் என் பார்க்கிங்கை யாரோ பிடித்திருப்பான். சுற்றிச் சுற்றி இடம் தேடி, அந்தக் கடையைவிடத் தூரத்தில் நிறுத்திவிட்டுப் பாலைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவேன்.

"நடந்தே போயிருக்கலாமேடாப்பா," என்பார் அத்தான்.

"நடக்கிறதுக்கோ அத்தான் கனடா வந்தனாங்கள்?" என்பேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் வதனி. பதினான்கு வயதில் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து பிறேமன் என்ற நகரத்துக்குப் போய், அங்கேயே படித்து, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுடைய சித்தப்பா ரூஜ் பக்கம் புது வீடு வாங்கியிருந்தார். குடிபூரலுக்கு வந்தவளை அப்படியே எனக்குக் காட்டிவிடலாம் என்பது அவரும் என் அக்காவும் சேர்ந்து போட்ட திட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை அத்தானுடைய கல்யாணக் கோட்டுக்குள் நுழைத்தாள். மலிவு விற்பனையில் வாங்கிய புதுச் சப்பாத்து ஒரு சைஸ் சிறியது. "கடிக்குதக்கா" என்றேன். "சோபாவில இருக்கிறதுக்குத்தானே, கடிச்சாலென்ன?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

சித்தப்பா வீட்டுச் சோபாவில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை. அசைந்தால் சத்தம் போடும். நான் அசையாமல் இருந்து, பெண் சேலையில் தேத்தண்ணித் தட்டோடு வருவாள் என்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தடித்த ஜீன்ஸ், கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டிய சப்பாத்து, முதுகில் ஒரு சின்னப் பை, தலையில் ரோஸ் நிறத்தில் கம்பளித் தொப்பி. மலையேறப் போகிறவள் வழி மாறி வந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"வணக்கம்," என்றாள். "நல்ல வெய்யில். நடப்பமோ?"

சித்தப்பா திடுக்கிட்டார். "ஏன் பிள்ளை நடப்பான்? எங்கயும் போறதெண்டா கார் நிக்குதுதானே?"

"எல்லாரும் சுத்தியிருந்து பாத்துக்கொண்டிருக்க என்னெண்டு சித்தப்பா கதைக்கிறது? ஒராளோட ரெண்டு மணித்தியாலம் நடந்தாக் காணும், ஆள் ஆரெண்டு தெரிஞ்சிடும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் நான் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம்.

"எனக்கும் நடையெண்டா உயிர்," என்றேன். "உந்த ரூஜ் பள்ளத்தாக்கில எனக்குத் தெரியாத பாதையில்லை."

அக்காவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

குமர்ப் பிள்ளையைத் தெரியாத பெடியனோடு தனியே விட முடியாது என்பதில் சித்தப்பா உறுதியாக இருந்தார். முழங்கால் நோவில் அவரால் நடக்கவும் முடியாது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் நடைபாதையில் நடக்க, அவர் காரில் எங்கள் பக்கத்தோடு ஊர்ந்து வருவது. நாலு மூலையிலும் மஞ்சள் விளக்குகள் மின்ன, கண்ணாடியை இறக்கிவிட்டு, நாங்கள் கதைப்பது கேட்காத தூரத்தில், ஆனால் முகம் தெரிகிற தூரத்தில். பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்துப் பார்த்து, பிறகு ஏதோ செத்தவீட்டு ஊர்வலம் என்று நினைத்து மரியாதையாக விலகிப் போயின.

நாயோடு எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வதனிக்குப் பக்கத்தில் வந்து, "அந்தக் காரில் இருக்கிற மனுஷன் உனக்குத் தொல்லை தருகிறானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "இல்லை, என் சித்தப்பா," என்றாள் வதனி. பெண்மணிக்கு நம்பிக்கை வரவில்லை. சித்தப்பா நிலைமையைச் சரிசெய்யவென்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினார். அதோடு அவள் கார் நம்பரை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டாள்.

வதனி நடந்த நடையைச் சொல்ல வேண்டும். அவசரமில்லை, அலட்டலில்லை. தண்ணீர் ஓடுவதுபோல ஒரு சீரான நடை. நான் இரண்டு எட்டு வைத்தால் அவள் ஒன்று. வழியில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தாள். நானோ, புதுச் சப்பாத்து என் குதிக்காலில் தோண்டிக்கொண்டிருந்த கிணற்றை மட்டுமே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

"இதென்ன பூ?" என்று, ஒரு வீட்டு முற்றத்தில் பனிக் குவியலுக்குப் பக்கத்தில் முளைத்திருந்த ஒன்றைக் காட்டிக் கேட்டாள்.

"அது... கனடாப் பூ," என்றேன்.

"எங்கட ஊரிலயும் இருக்கே," என்றாள். எங்கட ஊர் என்று அவள் சொன்னது பிறேமனை.

அப்படித்தான் அந்த நகரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். குளிர் விடுகிற முதல் நாளில் சனம் முழுக்கத் தெருவுக்கு வந்துவிடுமாம். கடைக்காரர்கள் கதிரைகளை வெளியே போடுவார்களாம். ஆட்கள் அவற்றில் உட்கார்ந்து, ஓவர்கோட்டைக் கழற்றாமல், மடியில் போர்வையை விரித்துக்கொண்டு ஐஸ்கிறீம் குடிப்பார்களாம். பழைய கோட்டை மதில் இருந்த இடம் இப்போது பூங்காவாம். அங்கே ஒரு காற்றாலை. அதன் காலடியில் பூக்கள். சனிக்கிழமை சந்தைக்கு வெள்ளையாக ஒரு கிழங்கு மாதிரி மரக்கறி வந்தால், அதைப் பார்த்தே வசந்தம் வந்துவிட்டது என்று சொல்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிழவர், குழந்தை, நாய் எல்லாம் வேசர் ஆற்றங்கரைக்கு வந்து, எங்கேயும் போகாமல் சும்மா நடப்பார்களாம்.

"சும்மாவோ?" என்றேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"சும்மாதான். முதல்ல நாங்களும் உப்பிடித்தான் கேட்டனாங்கள்."

ரூஜ் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதை வந்தது. வதனியின் முகம் மலர்ந்தது. "உங்கட பாதை உதுதானே?" என்றாள். காரால் அதற்குள் வர முடியாது. "அங்கால பாலத்தடியில ஏறுவம் அங்கிள், நீங்கள் சுத்தி வாங்கோ," என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அப்படி ஒரு பாலம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆறு என்றால் எங்காவது பாலம் இருக்கத்தானே வேண்டும்!

மேலே ஏப்ரல், கீழே இன்னும் ஜனவரி. நிழல் விழுந்த இடமெல்லாம் ஐஸ். வெயில் பட்ட இடமெல்லாம் சேற்றுக் களி. அத்தானின் கல்யாணக் கோட்டோடு நான் ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், தெரிந்தவன்போல இடப்பக்கம் காட்டினேன். அது கொஞ்சத் தூரத்தில் தேய்ந்து, முயல் பாதையாகி, ஆற்றங்கரையில் நின்றுவிட்டது.

வதனி எதையும் கவனிக்காமல் சொல்லிக்கொண்டு வந்தாள். அகதி வழக்கு முடியும்வரை அவர்களுக்கு அந்த நகர எல்லையைத் தாண்ட அனுமதி இல்லையாம். அடுத்த ஊரில் இருந்த மாமி வீட்டுக்குப் போவதற்கும் கடிதம் வாங்க வேண்டுமாம்.

"நடக்கிறதுக்கு மட்டும் ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. அதால அப்பா நடக்கத் தொடங்கினவர். முதல் வருஷம், இப்பிடித்தான் குளிர் விட்ட ஒரு நாள், காலமை போனவர் பின்னேரமாகியும் வரேல்லை. அம்மா அழுகிறா. எங்களுக்கு ஆரைக் கேக்கிறதெண்டும் தெரியாது, பாஷையும் தெரியாது. அவர் ஆத்தங்கரையாலயே நடந்து, ஊர் முடியிற இடத்தில நிக்கிற மஞ்சள் போர்ட் வரைக்கும் போயிட்டார். அதுக்கு அங்கால கால் வைச்சா சட்டப்படி பிழை. அங்க ஒரு பொலிஸுமில்லை, ஒரு மனுசருமில்லை. அப்பா அந்தப் போர்ட்டுக்குப் பக்கத்தில நிண்டு அங்கால பாக்கிறார்..."

இந்த இடத்தில்தான், பாதை முடிந்துவிட்டதை அவள் கண்டாள்.

"இனி எங்கால?"

"இதில கடக்கிறது," என்றேன். ஆற்றில் சில கற்கள் தலை காட்டிக்கொண்டிருந்தன. "நான் எப்பவும் இதாலதான் போறனான். முதல்ல நான் போய்க் கை தாறன்."

முதல் கல் தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. நான் திரும்பி, கதாநாயகன்போல அவளைப் பார்த்துச் சிரித்தேன். மூன்றாவது, கல் அல்ல. அது ஒரு பழைய ஐஸ் துண்டு.

ஆறு இடுப்பளவுதான். ஆனால் உருகிய பனித் தண்ணீர். அந்தக் குளிரில் என் வாயிலிருந்து வந்த சத்தத்தை இன்றுவரை எந்த மொழியிலும் எழுத முடியாது. கோட் தண்ணீரைக் குடித்து, ஒரு மூட்டை அரிசிபோலக் கனத்தது. காலைக் களியிலிருந்து இழுத்தேன். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தானாக மேலே வந்து, ஒன்ராறியோ ஏரியைப் பார்த்துப் பயணம் புறப்பட்டது.

வதனி சிரிக்கவில்லை. கத்தவுமில்லை. விழுந்து கிடந்த ஒரு நீளக் கொப்பை எடுத்து நீட்டி, "பிடியுங்கோ, அவசரப்படாதேங்கோ," என்றாள். தாதி நோயாளியிடம் பேசும் குரல். பிடித்துக் கரையேறினேன். பல் கிட்டி, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"பி... பிறகு... உ... உங்கட அப்பா கால் வைச்சவரோ?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கோட்டைக் கழற்றச் சொல்லித் தன் ஜக்கெட்டைத் தந்தாள். பையிலிருந்து தடித்த காலுறை வந்தது, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி வந்தது, பாண் துண்டு வந்தது, குதிக்காலுக்குப் பிளாஸ்டர் வந்தது. (அந்தப் பைக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியே இருந்தது.) சப்பாத்தில்லாத காலுக்குக் காலுறையை மாட்டி, அதற்கு மேலே தன் ரோஸ் தொப்பியை இழுத்துவிட்டாள்.

"வைச்சவர்," என்றாள், தொப்பியைச் சரிசெய்தபடியே. "ஒரேயொரு கால். சுத்திவரப் பாத்திட்டு, உடன எடுத்திட்டார். வீட்டை வந்து அம்மாட்டைச் சொன்னார், 'இண்டைக்கு நான் வெளியூர் போட்டு வந்தனான்' எண்டு. அம்மா அழுதுகொண்டே சிரிச்சா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு போனவர். நாங்களும் ஒவ்வொரு கால் வைச்சிட்டு வந்தனாங்கள்."

பல் கிட்டியிருந்தாலும் நான் சிரித்தேன். பிறகு ஏனோ சிரிக்க முடியவில்லை. நாட்டுக்குள் வந்து இறங்கிய மறுநாளே எங்கேயும் போகலாம் என்ற சுதந்திரம் எனக்குக் கிடைத்திருந்தது. நான் அதை வைத்துப் பால் வாங்கக் காரில் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியை அவள்தான் கண்டுபிடித்தாள். அது அவள் முன்பின் பார்த்திராத பள்ளத்தாக்கு. தண்ணீர் ஓடுகிற பக்கம் போனால் தெரு வரும் என்றாள், வந்தது. வழியில் பறவைகளின் குரலை நின்று கேட்டாள். நான் ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் தொப்பியுமாக, டக், தொப், டக், தொப் என்று பின்னால் போனேன்.

பாலத்தடியில் ஒரு கூட்டமே நின்றது. காத்திருந்து பயந்த சித்தப்பா, பெட்டிக் கடைப் போனிலிருந்து ஊரையே கூப்பிட்டிருந்தார். "பெடியன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடிட்டான்" என்பது அவருடைய முடிவு. அக்கா அழுதுகொண்டு நின்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். தன் கல்யாணக் கோட்டைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அவருக்கு எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

"என்னடா இது கோலம்?" என்றாள் அக்கா.

"அவர் நல்லா நடக்கிறார் அக்கா," என்றாள் வதனி. "வழிதான் தெரியாது."

சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான் காய்ச்சலோடு படுத்திருந்த மூன்றாம் நாள் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. பிள்ளைக்குச் சம்மதமாம். "உந்தத் தண்ணிக்குள்ள விழுந்தவனையோ?" என்று அவரே நம்ப முடியாமல் அவளைக் கேட்டிருக்கிறார். "ஓம் சித்தப்பா. தண்ணிக்குள்ளயிருந்து எழும்பி வந்தும், கேட்ட முதல் கேள்வி எங்கட அப்பாவைப் பற்றித்தான்," என்றாளாம்.

அடுத்த வசந்தத்தில் கல்யாணம். அதற்கு முதல் நாள் விமான நிலையத்தில்தான் மாமனாரை முதன்முதலாகக் கண்டேன். ஒல்லியான, நெடிய மனுஷன். நான் குனிந்து வணங்கியதும் தோளில் கை வைத்து, மிகக் கரிசனையாகக் கேட்டார்: "தம்பி, நீந்தத் தெரியுமோ?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை என்று யார் வந்தாலும் என்ன வேலை, எந்த ஊர் என்ற விசாரணையெல்லாம் பிறகுதான். போன வருஷம் எங்கள் மகள் ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து ஊரான விட்பியில் பிறந்து வளர்ந்த பிள்ளை; தமிழ் கொஞ்சம் தடக்கும். அவன் உட்காருவதற்கு முன்பே, சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஓம் தாத்தா," என்றான் அவன் பெருமையோடு. "ஐ வாஸ் எ லைஃப்கார்ட்."

வீடு அதிரச் சிரித்தோம். பாவம், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வதனி மட்டும் சிரிக்காமல் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"விழுந்து காட்டாத பெடியனை என்னெண்டு பிள்ளை நம்புறது?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, வாசலுக்குப் போய்த் தன் நடைச் சப்பாத்தை எடுத்தாள். "தம்பி, வாரும், வெளியில நல்ல வெய்யில்."