மீசை வைத்த மூன்றாம் வகுப்பு

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாது என்றால் வாயை மூடிக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம். அரைகுறையாகத் தெரிந்தால்தான் ஆபத்து. எனக்கு இந்தி அரைகுறையாகத் தெரியும். சின்ன வயதில் டியூஷன் போய், பசுமாட்டைப் பற்றிய கட்டுரையை நெட்டுருப் போட்டு மூன்று பரீட்சை பாஸ் செய்தவள் நான். (பசுவைப் பற்றி எது கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன். வேறு எதுவும் கேட்டுவிடாதீர்கள்.)

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், விம்கோ நகர் பக்கம் ஒரு உதவி பெறும் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கொஞ்சம் வசதி வந்த வீடுகள் எல்லாம் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம். என் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளைவிட பெஞ்சுகள் அதிகம். தலை குறைந்தால் ஒரு டீச்சரை 'சர்ப்ளஸ்' என்று எழுதி எங்கேயாவது தூக்கியடித்துவிடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் நான். கல்மண்டபத்தில் வீடு, இடுப்பில் கைக்குழந்தை. பொன்னேரிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டால் வேலையை விடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

தலைமையாசிரியர் ஞானசேகரன் சார் கூப்பிட்டார். "ஏம்மா, எண்ணூர்ல புதுசா கட்டடம் எழும்புதே, அங்க ஒரிசாக்காரங்க குடும்பத்தோட வந்து தங்கியிருக்காங்க. பிள்ளைங்க சும்மா சுத்துதுங்க. உனக்குத்தான் இந்தி வருமே, போய்ப் பேசிக் கூட்டிட்டு வா. நாளைக்கு அதிகாரி தலை எண்ண வர்றார்."

உனக்குத்தான் இந்தி வருமே! அந்த ஒரு வார்த்தையில் நான் மயங்கினேன். பஸ்ஸில் போகும்போதே வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு போனேன்.

தகரக் கொட்டகைகளுக்கு முன்னால் ஆண்கள் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு விடாமல் ஆரம்பித்தேன். நாளைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். காலை ஒன்பதுக்கு ஆரம்பம், நாலு மணிக்கு விட்டுவிடுவோம். மத்தியானம் சோறு நாங்களே போடுவோம். ரெண்டு செட் துணி இலவசம். சனி, ஞாயிறு லீவு. யாரும் அடிக்க மாட்டோம்.

எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் இந்திக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப் போனேன். பிள்ளைகளை அனுப்புங்கள் என்று மட்டும் நான் சொல்லவே இல்லை. பள்ளிக்கூடம் என்றாலே பிள்ளைகள்தானே, அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா? (வேண்டும். டீச்சராக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது தோன்றாது.)

மறுநாள் பிரேயர் முடிகிற நேரம். வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் கேட்டிலிருந்து ஓடி வந்தார்.

"டீச்சர், நீங்க சொன்ன புதுப் புள்ளைங்கோ வந்துகீதுங்கோ."

"வந்துட்டாங்களா? எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் கீதுங்கோ. ஆனா ஒவ்வொண்ணுத்துக்கும் மீசை கீது."

கேட்டுக்கு வெளியே மண்வெட்டி, கடப்பாரை, டிபன் கேரியரோடு ஒரு பட்டாளமே நின்றது. குளித்து, தலையில் எண்ணெய் வைத்து, படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஞானசேகரன் சார் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்போதே பொன்னேரியைத் தாண்டிப் போயிருப்பேன். "மூணாம் வகுப்புக்கு ஆள் கேட்டேன்மா. நீ மூணு மாடி கட்டறதுக்கு ஆள் கொண்டாந்திருக்கே!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது.

"யார் சார் இவங்கள்லாம்?" என்றார் அதிகாரி.

"பெத்தவங்க சார். பெற்றோர் கூட்டம்" என்றார் எங்கள் சார், வேர்க்க விறுவிறுக்க.

"அட, பரவாயில்லையே!" அதிகாரி முன்னால் நின்றவரிடம் போனார். "உன் பேரு என்னப்பா? எதுக்கு வந்திருக்கே?"

"ஜகா சார். வேலைக்கு வந்துகீறோம்" என்றார் அவர், பளிச்சென்று தமிழில். "இந்த டீச்சரு நேத்து வந்து சொல்லிச்சு. ஒம்போதுலேர்ந்து நாலு வரிக்கும்தான் வேலையாம். சோறு அவங்களே போட்ருவாங்கோ, ரெண்டு செட் துணி, சனி ஞாயிறு லீவு, அடிக்க மாட்டாங்கோ. கூலி இன்னான்னு மட்டும் சொல்லல."

அதிகாரி எங்கள் சார் பக்கம் திரும்பினார். "இந்த வேலை காலி இருந்தா எனக்கும் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்களுக்குத் தமிழ் தெரியுமா? நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நா எண்ணூர் வந்து ரொம்ப வருசமாச்சு, டீச்சர். இவங்கள்லாம்தான் புச்சு. நீ மூச்சு வுடாம மனப்பாடமா ஒப்பிச்சிகினே கீறே, நடுவுல இன்னாத்த பேச? கம்முனு கேட்டுக்கினேன்."

"நான் பிள்ளைங்களைச் சேர்க்கத்தான் வந்தேன்!"

ஜகாவின் முகம் மாறிவிட்டது. "புள்ளைங்களையா? இத்தெல்லாம் புள்ளைங்களுக்கா?" என்றார். "போன வருசம் என் பொண்ணு ஊர்லேர்ந்து வந்தப்போ வேறொரு இஸ்கூலுக்கு இட்டுனு போனேன். டி.சி. கீதா, சர்டிபிகேட் கீதான்னாங்கோ. பாஷ தெரியாத புள்ளைய வச்சிகினு இன்னா பண்றதுன்னு தொரத்திட்டாங்கோ. அத்தோட இஸ்கூல்னு சொன்னாலே அழுவுது."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மீஞ்சூர் போயிட்டு சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவேன். அப்போ பிள்ளைங்க இருந்தா எழுதிக்கறேன்" என்றார்.

அன்றைய கூலி எல்லாருக்கும் போச்சு. பின்னால் நின்ற ஒருவர் மண்வெட்டியைத் தரையில் போட்டுக் கத்தினார். ஒரியாவில்தான் திட்டினார், ஆனால் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஜகா அவரைச் சமாதானப்படுத்தி, எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு இரண்டு மீன்பாடி வண்டிகள் வந்து நின்றன. காலையில் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வந்த மூன்று சக்கர வண்டிகள். இறங்கிய பிள்ளைகள் மேலெல்லாம் கவிச்சி வாடை. சர்டிபிகேட் எதுவும் இல்லாததால் ஞானசேகரன் சார் பழைய வழக்கப்படி வயசு பார்த்தார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஸ்கூலில் சேர்க்கிற வயசு. பிள்ளைகள் அதை இந்த ஊர் வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியதும் அத்தனை பேரும் எழுந்து நின்று காதைத் தொட்டார்கள். பல நாளைக்கு எங்கள் சாரை எங்கே பார்த்தாலும் அதே வணக்கம்தான். ஜகாவின் பெண் மட்டும் என் புடவையைப் பிடித்தபடி நின்றாள், ஆனால் அழவில்லை.

என் வேலை தப்பியது. நிம்மதி போனது. புதிதாக எந்தப் பிள்ளை வந்தாலும் "டீச்சர்கிட்ட விடு, அவங்களுக்குத்தான் பாஷை வருமே" என்று என் வகுப்பில் தள்ளினார்கள். ஒரியா, தெலுங்கு, போஜ்புரி என்று வருஷத்துக்கு ஒரு பாஷை. ஒவ்வொரு புதுப் பிள்ளைக்குப் பக்கத்திலும் வாயாடிப் பிள்ளை ஒன்றை உட்கார வைப்பேன். தமிழ் தானாக வந்துவிடும், கெட்ட வார்த்தை அதற்கும் முன்னால் வந்துவிடும். ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிக்கும்போது கட்டடம் முடிந்துபோகும், பெஞ்சு காலியாகும். அடுத்த கொட்டகைக்கு நடப்பேன். முட்டி வலிதான் மிச்சம்.

அதோடு ஜூன் மாதமானால் கேட்டில் ஆண்கள் வந்து நிற்பார்கள். மெட்ராஸில் ஒரு டீச்சரம்மா வேலை போட்டுக் கொடுப்பார் என்று எந்த ரயிலில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. கான்ட்ராக்டர்கள் எல்லாம் எனக்கும் பழக்கமாகிவிட்டார்கள். "முதல்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா, அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்" என்பேன். கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அன்று இடுப்பில் இருந்த என் பெண் இன்று என்ஜினீயரிங் முடித்துவிட்டு இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைகிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம் பையை வீசிவிட்டு, "அம்மா, உன் ஸ்கூல் கேட்ல நானும் டிபன் கேரியரோட வந்து நின்னா ஏதாவது போட்டுக் கொடுப்பியா?" என்றாள்.

நான் அடுப்பைப் பார்த்தபடி காப்பி கலந்துகொண்டிருந்தேன். அலுப்பு, வாய்ப்பழக்கம் வேறு.

"முதல்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா" என்றேன்.

அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. என் வீட்டுக்காரர் சிரிப்பதை இன்னும் நிறுத்தவில்லை.