பெயர் வெளியிட விரும்பாத நால்வர்

நுகர்வோர் ஆணையத்திலிருந்து வந்த இரண்டாவது கடிதம் முதல் கடிதத்தைவிட மரியாதையாக இருந்தது. அதனாலேயே திருப்தி அதை நேராக முதலாளியிடம் கொண்டுபோனார்.

"சத்தமாப் படிங்க," என்றார் முதலாளி.

"'தங்கள் தலையணை விளம்பரத்தில் வரும் நான்கு வாடிக்கையாளர்களும் பெயர் வெளியிட விரும்பவில்லை என்று பதில் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. பெயர் எங்களுக்கும் தேவையில்லை. பதினெட்டாம் தேதி விசாரணைக்கு அவர்களை நேரில் அழைத்து வந்தால் போதும். அவர்கள் நிஜ மனிதர்கள்தான் என்று பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் உடனே அனுப்பவும்.'"

"பொறுப்பான ஒருவர்னா யாரு?"

"நீங்கதான் சார்."

"நான் முதலாளிய்யா. பொறுப்பு உங்களது."

திருப்தி என்பது அவருடைய பெயர் அல்ல. 'தலை வைத்த மூன்றாவது நிமிடம் தூக்கம்!' என்ற விளம்பரத்துக்குக் கீழே வரும் வாடிக்கையாளர் கடிதங்களை எழுதுவது அவர் வேலை. ஒவ்வொன்றின் முடிவிலும் 'திருப்தியான வாடிக்கையாளர்' என்று போட்டுப் போட்டு, ஆபீஸில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆளுக்கு ஓர் அட்டை வைத்துக்கொள்வார். உடம்பிலோ உடையிலோ ஒரு குறை, வீட்டில் ஒரு சங்கதி. இரண்டும் கடிதத்தில் இருந்தால் ஜனங்கள் நம்புவார்கள் என்பது அவர் அனுபவம். ஓய்வு பெற்ற தபால்காரர்: சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை, மனைவிக்குக் கண் பார்வை குறைவு. கணக்கு டீச்சர்: கம்பி ஒடிந்த குடை, ஊமைக் கிளி. லாரி டிரைவர்: இடது புருவம் பாதிதான், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசியாக, கன்னத்தில் மச்சமும் இடுப்புக்கு இரண்டு பக்கமும் இரட்டைக் குழந்தைகளுமாக ஒரு தாய்.

ஐந்தாவதாக ஒருவரும் இருந்தார். வலது கையில் வாட்ச் கட்டும் கடிகாரம் ரிப்பேர்காரர். 'தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும். வீட்டில் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று அழுதார்களாம். அப்படி ஒரு தூக்கம்!' என்று அவர் எழுதியிருந்தார். அதாவது, திருப்தி எழுதியிருந்தார்.

"யோவ், இந்த ஆளு செத்துட்டான்யா!" என்று முதலாளி அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார். அது போகட்டும்.

திருப்தி உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பன்னிரண்டு வருடமாக விளம்பரங்களுக்கு அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை எழுதியவர், கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொடி எழுத்தைப் படித்தார். உறுதிமொழி பொய்யென்றால் கையெழுத்திட்டவருக்கு ஒரு வருடம் சிறை. ஐம்பத்தொரு வயதில் ஜெயில்.

நாடகம் போடும் மச்சானைப் போனில் பிடித்தார். "நாலு பேர் வேணும்டா. ஒருத்தருக்கு ரெட்டைக் குழந்தை."

"கவலைப்படாதீங்க அத்தான், அசத்திடலாம்," என்றான் மச்சான்.

திருப்தியின் அறையில் மூன்று சுவரிலும் கூரை வரை தலையணைகள். பேசினால் வார்த்தை வாயை விட்டு இறங்கியதும் காணாமல் போகும். காலடிச் சத்தமும் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால்தான் ஆள் வந்திருப்பதே தெரியும். வருகிறவர்கள் பெரும்பாலும் சண்டைக்கு வருகிறவர்கள் என்பதால், 'பில் இல்லாமல் பேச வேண்டாம்' என்று மேஜைமேல் ஒரு பலகை வைத்திருந்தார். கடவுளே வந்தாலும் முதல் கேள்வி பில்தான்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நிமிர்ந்தார். எதிரே ஒருவர். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

"உங்க தலையணை விஷயமா வந்தேன் சார்."

"அட, போஸ்ட்மேனா! பிரமாதம். பொத்தானைக்கூட விடலயே நீங்க!"

"அது விழுந்து நாலு வருஷமாச்சு சார். வீட்டுக்காரிக்குக் கண்ணு சரியாத் தெரியாது. யார் தைச்சுக் குடுக்கறது?"

"பேஷ், பேஷ்! இதே மாதிரி பதினெட்டாம் தேதியும் சொல்லிடுங்க."

"வேற எப்படிச் சொல்றது சார்? நடந்ததைத்தானே சொல்ல முடியும்?" என்றார் வந்தவர். சிரிக்கவில்லை.

அவர் போனதும் திருப்தி மச்சானைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

"என்ன அத்தான் சொல்றீங்க? எனக்கு இன்னும் ஒரு ஆளும் கிடைக்கலயே!"

திருப்தி போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

அடுத்த நாள் அதே மூன்று மணி. கம்பி ஒடிந்த குடையோடு டீச்சர்.

"கிளி... கிளி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் திருப்தி.

"பேசாது சார். விளம்பரத்துல போட்டிருந்தபடியேதான்."

நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். டீச்சர் தண்ணீரைக் குடிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் அரைப் புருவத்தோடு லாரி டிரைவர் வந்து, அண்ணனைப் பற்றிக் கேட்காமலிருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

திருப்தி முதலாளியிடம் ஓடினார். அவரோ குஷியாகி, நான்கு பேரும் தயார் என்று ஆணையத்துக்குக் கடிதமே அனுப்பியிருந்தார்.

"மூணு பேர் வந்தாச்சாமே! உங்க மச்சான் கெட்டிக்காரன்யா."

"மச்சான் அனுப்பல சார்."

"பின்ன யாரு அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. நான் எழுதினேன். வந்துட்டாங்க."

முதலாளி சற்று யோசித்தார். "அப்படின்னா மொத்தமா பத்தாயிரம் தலையணை வாங்கற வியாபாரி ஒருத்தனை எழுதுய்யா."

இனி யாரும் வரக்கூடாது என்று திருப்தி நான்காவது அட்டையை எடுத்து, 'இரட்டைக் குழந்தைகள்' என்ற வரியை ரப்பர் வைத்துத் தேய்த்து அழித்தார். நிமிர்ந்தார். மணி மூன்று. கன்னத்தில் மச்சத்தோடு ஒரு பெண். இடுப்புக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகள். இரண்டும் அவர் கையிலிருந்த ரப்பரையே பார்த்தன.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நான் எழுதின ஆளெல்லாம் நேர்ல வர்றாங்கடி. பயமா இருக்கு."

"அப்படியா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு லெட்டர் எழுதினீங்களே, அதுல ஒருத்தர் இருந்தார். வீட்டு வேலையெல்லாம் செய்வேன், கோபமே வராதுன்னு. அவரையும் கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்."

"விளையாடாதே. ஜெயிலுக்குப் போகப் போறேன்."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "போய் உண்மையைச் சொல்லிடுங்க. ஜெயில்ல போட்டா பாத்துக்கலாம். இந்தப் பயத்தோட உங்களால இருக்க முடியாது."

பதினெட்டாம் தேதி விசாரணை அறையில் நால்வரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளும்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி அம்மாள் கேட்டார்.

முதலாளி மேஜைக்கு அடியில் திருப்தியின் காலை மிதித்தார். திருப்தி காலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தெரியும் மேடம். இவங்க யாருமே கிடையாது. நான்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்டதும் பொய். என்னை ஜெயில்ல போடுங்க, ஆனா இவங்களைத் திரும்பிப் போகச் சொல்லுங்க மேடம்!"

தபால்காரர்தான் முதலில் சிரித்தார்.

"இவர் எங்க ரெக்கார்ட் கிளார்க்," என்றார் அதிகாரி. "இவங்க இன்ஸ்பெக்டர். இவர் எங்க ஜீப் டிரைவர், பாதி புருவத்தை வழிச்சதுக்கு இவர் சம்சாரம் இன்னும் எங்களோட பேசறதில்லை. டைப்பிஸ்டுக்கு ரெட்டைக் குழந்தை தேடித்தான் அலைஞ்சு போயிட்டோம். கேன்டீன்காரரோட அக்கா பசங்க. விளம்பரத்துல நீங்க எழுதினதை ஒண்ணு விடாம மனப்பாடம் பண்ணிக்கிட்டுத்தான் வந்தாங்க."

திருப்தி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உங்க மேஜையில 'பில் இல்லாமல் பேச வேண்டாம்'னு பலகை இருக்கு. நாலு பேர் வந்தாங்க. ஒருத்தர்கிட்டயாவது பில் கேட்டீங்களா? பில் இருக்கவே முடியாதுன்னு தெரிஞ்சவர்தான் கேக்காம விடுவார்."

உத்தரவு அங்கேயே வாசிக்கப்பட்டது. விளம்பரம் உடனே நிற்க வேண்டும். தலையணை வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் தர வேண்டும். அபராதம் முதலாளிக்கு. 'அந்த நான்கு வாடிக்கையாளர்களும் கற்பனை' என்று அதே பத்திரிகைகளில், அதே அளவு எழுத்தில், திருத்தம் வெளியிட வேண்டும். தானாக உண்மையைச் சொன்னதால் திருப்திக்குச் சிறை இல்லை. திருத்தத்தை எழுதுவது மட்டும் அவர் வேலை.

திருப்தி அழுதே விட்டார். நால்வரும் மனிதர்கள்! டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குழந்தைகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

"இந்த நாலைத் தவிர வேற யாரையாவது எழுதினீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரே ஒருத்தர் மேடம். கடிகாரம் ரிப்பேர்காரர். அது அச்சுக்கே போகல. சார் கிழிச்சுப் போட்டுட்டார். எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் படிச்சதில்லை."

"வெளியே வராதது எங்க அதிகாரத்துக்குள்ள வராது," என்று அதிகாரி ஃபைலை மூடினார்.

அப்போது கதவைத் திறந்து பியூன் தலையை நீட்டினார்.

"மேடம், வலது கையில வாட்ச் கட்டின ஒருத்தர் வெளிய உக்காந்திருக்கார், தலையணையில படுத்ததும் தூக்கம் வந்துச்சாம், எழுந்திருக்கறது எப்படின்னு மட்டும் விளம்பரத்துல போடவே இல்லன்னு புகார் குடுக்கணுமாம், பில் கேட்டேன், கையில வச்சிருக்கார்."