புல்லுக்கு ஒரு மீட்டர், கல்லுக்கு ஒரு மீட்டர்

இந்த வீட்டில் இனி ஒன்று புல் இருக்கும், இல்லை நான் இருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சபதம் செய்தேன். சத்தமாக இல்லை. மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

வீட்டுக்கு முன்னால் ஒரு புல்தரை. வாரம் முழுக்க அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவதால் அது வளரும். வளர்வதால் ஞாயிறு காலை நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு அதை வெட்ட வேண்டும். ஆறு நாள் ஆபீஸில் குட்டுப்படுகிறவனுக்கு மிஞ்சுவதே ஞாயிறு காலைத் தூக்கம்தான். அதையும் இந்தப் புல் மேய்ந்துவிட்டது.

"ஏம்மா, இந்தப் புல்லை எடுத்துட்டு, கூழாங்கல் பரப்பி, கற்றாழை மாதிரி தண்ணி கேக்காத செடியா நட்டுடலாமா? எவ்வளவு தண்ணி மிச்சம் தெரியுமா?"

"எவ்வளவு?"

"ஏராளம்."

"ஏராளம்னா எத்தனை லிட்டர்?"

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். 'எனக்குச் சர்க்கரை இல்லை' என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டாள். விரலைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இருபது வருஷமாக நான் சொல்வதையும் அப்படித்தான் பார்க்கிறாள்.

"பாதி இடத்துல கல்லு, பாதியில புல்லு. ரெண்டுக்கும் தனித்தனி மீட்டர். எட்டு வாரம். மீட்டரை நான்தான் பார்ப்பேன். புல்லு குடிக்கிறதுல பாதியை வச்சுக் கல்லுப் பக்கம் பொழைச்சுக்கிட்டா, முழுசும் எடுத்துடலாம்."

"அப்புறம் ஞாயித்துக்கிழமை?"

"வெட்டப் புல்லே இருக்காதே."

எனக்குக் கற்றாழை மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் புல்லை நம்ப முடியுமா? பரீட்சை என்று தெரிந்து, திடீரென்று சிக்கனமாக இருந்து தொலைத்தால்? என் தூக்கத்தை அதன் நல்லெண்ணத்திடம் ஒப்படைக்க நான் தயாராக இல்லை.

பாதி இடத்தில் கல் பரப்பி, மீட்டர்கள் மாட்டி முடித்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பூனை மாதிரி வெளியே போய்ப் புல் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திரும்ப வந்து போர்வைக்குள் புகுந்து குறட்டை விட்டேன். இப்படி எட்டு வாரம். ஞாயிறு உட்பட. தூக்கத்தைக் காப்பாற்றுவதற்காகத் தூக்கத்தைத் தொலைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஆனாலும் அசரவில்லை.

கடைசி நாள் அவள் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தாள்.

"கல்லுப் பக்கம் அறுநூறு லிட்டர். புல்லுப் பக்கம் ஒன்பதாயிரத்து நானூறு."

"பார்த்தியா! நான் சொன்னேன்ல!" துள்ளி எழுந்தேன்.

"உக்காருங்க. நாங்க வெறும் வயித்துல ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவைன்னுதான் எதையும் பார்ப்போம். மீட்டரையும் படுக்கப் போறப்ப ஒரு தடவை, காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். இடையில தினமும் அறுபது லிட்டர் ஏறியிருக்கு."

"பனியா இருக்கும்."

"பனி மீட்டர் வழியாவா வரும்?"

அவள் தாளில் ஒரு கோடு போட்டாள்.

"அந்த மூவாயிரத்து முன்னூத்தி அறுபதைக் கழிச்சாச்சு. அப்பவும் புல்லுக்கு ஆறாயிரத்து நாப்பது. கல்லுக்கு அதுல பத்துல ஒரு பங்குதான். நீங்க பேசாம படுத்துத் தூங்கியிருந்தாலே ஜெயிச்சிருப்பீங்க."

ஐம்பத்தாறு விடியல்! ஆனாலும் வெற்றி வெற்றிதானே? "அப்ப எடுத்துடலாம்ல?"

"தாராளமா. இந்தத் தாளைப் பார்த்துட்டு எங்க அண்ணனும் அவர் வீட்டுப் புல்லை எடுக்கப் போறாராம்."

"மகராசனா எடுக்கட்டும்!"

"அவருக்கு இடுப்பு வலி. ஞாயித்துக்கிழமைதோறும் காலையில நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன். வெயில் ஏறுறதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுத்துடலாம்."

"நானா? எனக்கு அவ்வளவு சீக்கிரம் எந்திரிக்கவே வராதே!"

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் ஐம்பத்தாறு தேதிகள், ஐம்பத்தாறு டிக்குகள். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"பக்கத்துல படுத்திருக்கிறவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

இப்போது ஞாயிறு காலை ஐந்து மணி. எங்கள் புல்தரையைப் போல நாலு மடங்கு புல்லுக்கு நடுவில் மண்வெட்டியோடு நிற்கிறேன். மச்சான் உள்ளே தூங்குகிறார்.