அரை மணி நேரத்தில் லினக்ஸ்

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். இதை வெளியில் சொல்வதை நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது.

மூன்று வருடப் படிப்பில் நாங்கள் கம்ப்யூட்டரைத் தொட்டதைவிட ரெக்கார்டு நோட்டைத் தொட்டதுதான் அதிகம். புரோகிராமை எழுதி, அதற்கு என்ன விடை வரும் என்பதையும் நாமே கீழே எழுதி, மேடத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா இந்த விவரத்தையெல்லாம் சொல்லவில்லை. "பொண்ணு கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதனால் வில்லிவாக்கத்திலிருந்து காலடிப்பேட்டைக்கு மருமகளாகப் போன முதல் வாரத்திலேயே வீட்டில் மின்சாரம் ஓடும் பொருள் எதுவானாலும் என்னிடம் வந்தது. போன், டிவி ரிமோட், ஒருமுறை மிக்ஸிகூட. எல்லாவற்றையும் நான் அணைத்துப் போட்டேன். பாதி சரியானது. பேர் கிடைத்தது.

அந்தப் பேரோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மாமனார் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது வாங்கியது. அத்தை நெத்திலி ஆய உட்காரும்போது அதன் பட்டனைத் தட்டினால், கடைசி மீனுக்குத் தலை கிள்ளும்போதுதான் திரை முழுசாக வரும். ஓய்வு பெற்ற மாமா தினமும் காலையில் அதில் சீட்டாடுவார். மற்றபடி அதைத் தொட ஆளில்லை.

கல்யாணமாகி இரண்டு மாதம் ஆன ஒரு சனிக்கிழமை, என் நாத்தனார் கல்பனா ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். அன்றுதான் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி வரை. போனில் போடலாம் என்றால், அந்தப் படிவத்தின் கடைசிப் பொத்தான் திரைக்கு வெளியே எங்கேயோ போய் நின்றுகொண்டது. கம்ப்யூட்டரோ பாதிப் படிவத்தில் உறைந்து போனது. மூன்றாவது தடவையும் உறைந்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

நான் வாயைத் திறந்தேன். விண்டோஸ்தான் பிரச்சினை, லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே அதில் ஒல்லியான ரகம் உண்டு, அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம் என்றேன். (முந்தின வாரம்தான் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒருவர் பதினொரு நிமிடத்தில் போட்டு முடித்தார். எனக்கு அரை மணி நேரம் என்று அடக்கமாகத்தான் சொன்னேன்.)

கல்பனாவின் சான்றிதழ்களைப் பத்திரமாக ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தேன். இன்னொரு பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். 'எல்லாவற்றையும் அழிக்கலாமா?' என்று அது கேட்டது. மாமாவின் சீட்டுக்கட்டும் அந்த எல்லாவற்றில் அடக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. அழி என்றேன்.

பதினொரு மணிக்கு லினக்ஸ் வந்துவிட்டது. பளிச்சென்ற திரை, சுறுசுறுப்பு. அத்தை பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். வைஃபை கோடுகள் முழுசாக நின்றன. கல்பனா விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தாள். 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று வந்தது. வேறு தளம் போனாள். அதுவும் பாதுகாப்பானதல்ல. நான் சமையல் தளம் ஒன்றைத் திறந்தேன். ரசம் வைப்பதுகூட ஆபத்து என்றது.

லினக்ஸையே புதுப்பித்துவிட்டால் சரியாகும் என்று, போனில் பார்த்துப் பார்த்து ஒரு கறுப்புத் திரையில் கட்டளை அடித்தேன். நீளமாக எதையோ கொட்டிவிட்டு, கடைசியில் 'இந்தக் கோப்பு இன்னும் ஐயாயிரத்துச் சொச்சம் நாளைக்குச் செல்லாது' என்றது.

"இன்னா சொல்லுது அண்ணி?" என்றாள் கல்பனா.

ஐயாயிரம் நாள் பொறுக்கச் சொல்கிறது என்று எப்படிச் சொல்வது? நெட்வொர்க் கொஞ்சம் பிஸி என்றேன்.

பிறகு நான் செய்தவற்றுக்கு எனக்கே காரணம் தெரியாது. வேறு பிரவுசர் தேடினேன், அதை இறக்கவும் இணையம் வேண்டும் என்றது. லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே ஆபத்து, அதே ஐயாயிரம் நாள். அப்போது என் சந்தேகம் மோடத்தின் மேல் விழுந்தது. அதன் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. சேஃப்டி பின்னை அதில் விட்டு அழுத்தினேன். எல்லா விளக்கும் அணைந்து எரிந்தது. மோடம் தன் பெயர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மறந்து, வாங்கிய அன்று இருந்த மாதிரி புத்தம் புதுசாக நின்றது. இப்போது வீட்டில் யாருக்கும் இணையம் இல்லை.

மணி மூன்று. கல்பனா சான்றிதழ் ஃபைலை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, ஷேர் ஆட்டோ பிடித்து ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. மாமா வந்து, சீட்டாட்டம் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். இல்லை மாமா என்றேன். தலையாட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். இரண்டு மாதத்தில் சேர்த்த பேர் அவரோடு படியேறிப் போவது எனக்குத் தெரிந்தது.

நாலு மணிக்கு அத்தை டீ கொண்டுவந்து வைத்தார். திரையின் மூலையை உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மணி பன்னெண்டே முக்கான்னு காட்டுது?"

நான் அந்த மூலையை அதுவரை பார்க்கவே இல்லை. மணியின் மேல் அழுத்தினேன். தேதி வந்தது. ஜனவரி ஒன்று. வருடம், பதினைந்து வருடத்துக்கு முந்தியது.

அப்போதுதான் புரிந்தது. கம்ப்யூட்டருக்குள் நேரத்தைக் காப்பாற்ற வட்டமாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது எப்போதோ செத்திருக்கிறது. கரண்டை அணைக்கும்போதெல்லாம் நேரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். விண்டோஸ் அதை இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. நான் போட்ட ஒல்லி லினக்ஸ் யாரையும் கேட்கவில்லை. பதினைந்து வருடம் பின்னால் நின்றுகொண்டு, இன்றைய தளங்களெல்லாம் இன்னும் பிறக்காதவை, நம்பாதே என்று காலையிலிருந்து நியாயமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இதை அத்தைக்கு விளக்கினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"அப்போ இந்தப் பொட்டி கணக்குக்கு கல்பனா மூணாவது படிச்சிகினு கீறா. நீ இன்னும் நம்ம வூட்டுக்கே வரல."

சொல்லிவிட்டு, சிரிப்பு தாங்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். நான் அழுதுகொண்டிருந்தேனா சிரித்துக்கொண்டிருந்தேனா என்று இன்றுவரை தெரியாது.

தேதியைத் திருத்தி, அத்தையின் போனிலிருந்து இணையம் வாங்கிக் கொடுத்ததும் எல்லாத் தளமும் ஒரே நொடியில் திறந்தன. அதே நேரம் கல்பனா, விண்ணப்பம் போட்டாகிவிட்டது என்று போன் செய்தாள். (அந்த வேலைதான் கிடைத்து, இன்றும் பார்க்கிறாள்.) என் கணவர் மறுநாள் வண்ணாரப்பேட்டையில் ஒரு வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிவந்து போட்டார். மோடத்துக்கு ஆள் வர நாலு நாள் ஆனது. மாமாவுக்கு லினக்ஸில் வேறொரு சீட்டாட்டம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். இன்றும் ஆடுகிறார். பழையது மாதிரி இல்லை என்று இன்றும் சொல்கிறார்.

ஆனால் அத்தையின் அந்த வாக்கியம் வீட்டில் தங்கிவிட்டது. நான் குழம்பைத் தீய்த்தால், "வுடு, அவ இன்னும் வூட்டுக்கே வரல" என்பார் அத்தை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போதும் இந்தக் கதைதான் முதலில் வரும்.

போன மாதம் என் ஐந்து வயது மகள் ஹால் சுவர் முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் மீன் வரைந்து வைத்திருந்தாள். யார் செய்தது என்று கத்தினேன். பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவள் அமைதியாகச் சொன்னாள்:

"நா இன்னும் பொறக்கவே இல்லம்மா."