ஊறுகாய் போத்தலில் மண் தண்ணீர்

என் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே இந்த மலையில் பிறந்த ஒரே மனிதர் போத்தல் கிராணிதான். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் மண்ணைச் சோதிக்கும் குமாஸ்தா வேலை. பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. மழை வந்தால் நாங்கள் லயத்து வீட்டுக்குள் ஓடுவோம். அவர் காலி போத்தலோடு வெளியே ஓடுவார், கான் வாய்க்காலில் போகும் தண்ணீரைப் பிடிக்க.

காலி போத்தல் என்றா சொன்னேன்? என் எலுமிச்சை ஊறுகாயைத் தட்டில் கொட்டிவிட்டுப் போத்தலை எடுத்துப்போன ஆள் அவர்.

"ஊறுகா தட்டுலயும் இருக்கும் பெரியம்மா. தண்ணி தட்டுல நிக்குமா?"

இப்படிப் பேசுகிறவரிடம் போன வருடம் நானே போய் நிற்கும்படி ஆயிற்று. வீட்டுக்குப் பின்னால், பழைய தேயிலையைப் பிடுங்கிய சரிவில், கடுகுக் கீரை போட்டிருந்தேன். கியா பார்ம் சந்தைக் கடைக்காரி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்குவாள். திடீரென்று குருத்தெல்லாம் வெளுத்தது.

"அடுத்த தடவையும் இப்பிடின்னா வேற ஆள்கிட்ட எடுத்துக்கிறேன்லா ஆன்ட்டி" என்றாள்.

நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கை இது. என் இலையில் குறை சொன்னவர் கிடையாது.

கிராணி வந்து குனிந்து பார்த்தார். "என்ன போட்டீங்க?"

"சுண்ணாம்பு. கோலா தெர்லா பக்கம் காய்கறி போடறவங்க எல்லாரும் போடறாங்க. மொத வருசம் கீர எப்பிடி வந்துச்சு தெரியுமா? அதான் வருசா வருசம் அள்ளிப் போட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டார். தன் தலையில்தான், அதனால் விட்டேன்.

சுண்ணாம்பு படாத வேலியோர மண்ணை அள்ளி என் இரண்டு பூச்சட்டிகளில் போட்டு, ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு கலந்தார். ஒரு வாரம் என் அடுப்படியை அடைத்துக்கொண்டு கிடந்தன. பிறகு தண்ணீர் ஊற்றி, வடிந்ததை இரண்டு போத்தலில் பிடித்தார். இரண்டும் என் போத்தல். இரண்டிலும் ஏதோ மருந்தைச் சொட்டினார். சும்மா மண்ணின் தண்ணீர் லேசாக மங்கியதோடு சரி. சுண்ணாம்பு மண்ணின் தண்ணீர் பாலாக வெளுத்தது.

"இந்த வெள்ளதான் சல்பேட்டு. புளிச்ச மண்ணு இத இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்ப எடுத்தா விட்டுரும். மொத வருசம் ஒங்க கீர அதத்தான் தின்னுச்சு. மிச்சத்த மழ கொண்டுபோயிருச்சு, அதான் குருத்து வெளுத்துச்சு."

"மண்ணுக்கு அது எங்கேருந்து வந்துச்சு?"

"இங்க தேயில இருந்தப்ப உரம் வீசினது யாரு?"

நான்தான். கல்யாணமான புதிதில், இடுப்பில் வாளியோடு.

"அந்த உரத்துல இருந்த சல்பேட்டுதான் பெரியம்மா. நீங்க வீசினத இத்தன வருசமா மண்ணு வெச்சிருந்திருக்கு."

அந்த வெள்ளைப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

சுண்ணாம்பை நிறுத்தச் சொன்னார், அதே உரத்தில் ஒரு பிடி தூவச் சொன்னார். அடுத்த கீரை பச்சையாகக் கடைக்குப் போனது. கடைக்காரி பழையபடி பிரிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மருந்து சொட்டிய இரண்டு போத்தலையும் எறியச் சொன்னார். மருந்து விஷமாம், இனி ஊறுகாய்க்கு ஆகாதாம். நல்ல போத்தலைக் கெடுத்த மனிதர். வெள்ளைப் போத்தலை மட்டும் எறிய மனம் வரவில்லை; மூடியை இறுக்கி, கை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். என் மற்ற போத்தல்கள் இன்னும் அவரிடம்தான். பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன், சிரிக்கிறார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தால் இப்போது இரண்டு போத்தலைக் கழுவி வாசற்படியில் வைத்துவிடுகிறேன். ஊறுகாயாவது தப்பட்டும்.