அடுத்த தொகுதியில் காண்க

“மிஷினை நிறுத்தி வெச்சிக்கினு உக்காந்திருக்கேன் சார். ‘அலைபேசி’ கட்டுரை எங்க? ஜல்தி அனுப்புங்க!”

விழுப்புரம் அச்சகத்திலிருந்து தமிழ்மணி போனில் கத்தினார். திண்டிவனத்தில், மாணவர் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் விருத்தாசலத்துக்கு வியர்த்துக் கொட்டியது. அகர வரிசையில் ஐந்து தொகுதிகள். முதல் தொகுதியில் எல்லாம் தயார். அலைபேசி மட்டும் இன்னும் சண்டையில் இருந்தது.

“எல்லா போனுக்கும் சேத்து ஒரே கட்டுரை!” என்றார் முதலாளி சவுரிராயன்.

“அது கட்டுரை இல்ல சார், கூட்டாஞ்சோறு. மாடலுக்கு ஒண்ணு எழுதணும்,” என்றாள் துணையாசிரியை கலைப்பிரியா.

“நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள அந்த மாடலு காயலான் கடைக்குப் போயிடும்மா!”

இருவரும் விருத்தாசலத்தைப் பார்த்தார்கள். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

“யோவ், பள்ளிக்கூடத்துக்காரங்க இந்தக் கட்டுரைக்காகத்தான் ஆர்டரே குடுத்திருக்காங்க,” என்றார் முதலாளி. “அது இல்லாம புஸ்தகம் வெளிய போச்சு, கூடவே நீயும் வெளிய போயிடு.”

விருத்தாசலத்துக்கு ஒரு வழி தோன்றியது. ‘அலைபேசி – காண்க: கைபேசி’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். ‘க’ இரண்டாம் தொகுதியில்தானே வருகிறது? அதற்குள் சண்டை ஓய்ந்துவிடும்.

ஓயவில்லை. கலைப்பிரியா போன்களுக்கெல்லாம் வம்சாவளி வரைந்துகொண்டு வந்தாள். முதலாளி அதை வடை மடிக்கக் கொடுத்துவிட்டார். ‘கைபேசி – காண்க: செல்பேசி.’

மூன்றாம் தொகுதியின்போது முதலாளி கொஞ்சம் இறங்கி வந்து, “சரி, கம்பெனிக்கு ஒண்ணு போட்டுக்க,” என்றார். அதற்குள் கலைப்பிரியா மனம் மாறி, விலையை வைத்துப் பிரிக்க வேண்டும் என்றாள். ‘செல்பேசி – காண்க: திறன்பேசி.’

நான்காம் தொகுதி வந்தபோது இருவரும் பேச்சையே நிறுத்தியிருந்தார்கள். ‘திறன்பேசி – காண்க: ஸ்மார்ட்போன்.’

“இதைத் தாண்டினா போனுக்கு வேற பேரே இல்லைங்க,” என்றார் விருத்தாசலம், அழாத குறையாக.

அதைக் கேட்டதும்தான் இருவருக்கும் பயம் வந்தது. பொதுவாக ஒரு பெரிய கட்டுரை, அதன் கீழே கம்பெனிக்கு ஒரு சிறு கட்டுரை என்று சமாதானம் ஆனார்கள். விருத்தாசலம் தன் போனை அணைத்து வைத்துவிட்டு எழுதி முடித்தார். மெயிலில் அனுப்பினால் எழுத்துரு உடைந்துவிடும் என்று, பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தானே விழுப்புரம் பஸ் ஏறினார். வழியில் வாங்கித் தோலுரித்துத் தின்ற அவித்த மல்லாட்டைகூட, வெறும் வேர்க்கடலைதான், ருசித்தது.

அச்சகத்தில் ஐந்தாம் தொகுதி அட்டை போட்டு அடுக்கியிருந்தது.

“இன்னாய்யா இது!”

“உங்க போனு ஸ்விட்ச் ஆஃப் சார். ஸ்கூலுக்காரங்க ஒரே பேஜாரு. எப்பவும் நீங்க ஒரு வரிதானே போடுவீங்க, இந்த வாட்டி நானே போட்டுட்டேன். சரியா இருக்கா பாருங்க.”

‘ஸ்மார்ட்போன் – காண்க: அலைபேசி.’

விருத்தாசலம் காகிதக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஆர்டர் குடுத்த கெடார் ஊரு ஸ்கூலுக்கு செட்டு காலையிலயே போயிடுச்சு சார்,” என்று மகிழ்ச்சியாகச் சொன்னார் தமிழ்மணி.

அடுத்த வாரம் அந்தப் பள்ளியிலிருந்தே போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

“நூலகம் பார்த்துக்கிற டீச்சர் மலர்விழி பேசறேங்க. அந்த ஸ்மார்ட்போன் கட்டுரை விஷயமா...”

முதலாளியின் பார்வை மெல்லத் திரும்பியது. விருத்தாசலம் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“அதைத் தேடிக்கினு பசங்க ஒரு வாரமா அஞ்சு புஸ்தகத்தையும் சுத்திச் சுத்திப் பொரட்டிக்கினு இருக்காங்க சார், ஒருத்தன் கையிலயும் போன் இல்ல! இன்னும் பத்து செட்டு அனுப்புங்க. கட்டுரை எங்க இருக்குன்னு மட்டும் தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!”